முறுக்கு லேபிளில் காணாமல் போன புள்ளிகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குத் தீபாவளி முறுக்கு லேபிள் செய்துகொடுத்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும், "தம்பி, எழுத்து ஏன் ரெண்டு ரெண்டா தெரியுது?" என்றார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலின் கறுப்பு எழுத்தைச் சுற்றி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. தவறு அச்சகத்தின் மேல் இல்லை, என் மேல்தான். ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) வரைந்ததை அப்படியே சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான நான்கு மைகள்: சியான் என்ற நீலம், மஜெந்தா என்ற கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மாற்றியிருந்தேன். கறுப்பு எழுத்து சியான் 75%, மஜெந்தா 68%, மஞ்சள் 67%, கறுப்பு 90% என நான்கு மைகளாகப் பிரிந்துவிட்டது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடும் இம்மி பிசகாமல் பொருந்தினால்தான் அது கூர்மையாக விழும்.

சிறிய எழுத்தையெல்லாம் கறுப்பு 100%, மற்றவை 0 என்று மாற்றி, பின்னணி நிறத்தின் மேலேயே கறுப்பு விழும்படி ஓவர்பிரிண்ட் போட்டேன். அது சரியாயிற்று.

புள்ளிதான் படுத்தியது. அரக்கு நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மை பரவி மெய்யெழுத்துப் புள்ளிகளை விழுங்கியிருந்தது. 'உப்பு' 'உபபு' ஆகிவிட்டது! எழுத்தின் அளவை 5 பாயிண்டிலிருந்து 7.5 ஆக்கி, மெலிந்த எழுத்துருவுக்குப் பதில் சற்றுத் தடித்ததைப் போட்டு, புள்ளிகளைக் கையாலேயே பெரிதாக்கினேன். (மலாய் வரிக்கு வைக்கும் அளவையே தமிழுக்கும் வைப்பது என் பழைய கெட்ட பழக்கம்.)

இரண்டாவது மாதிரியை அக்கா கண்ணாடி போடாமலே படித்துவிட்டு, விலை ஒட்ட இடம் எங்கே என்று கேட்டார்.