டெமோவின் முதல் சண்டையிலேயே ஏன் தோற்கிறோம்?

எம்பயர்: டோட்டல் வார் என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டு 2009-ல் வந்தபோது அதற்கு முன்னோட்டமாக ஒரு டெமோ விட்டார்கள். அதில் இரண்டே சண்டைகள், கடலில் போர்ச்சுகல் கரைக்கு அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய லாகோஸ் (1759), தரையில் அமெரிக்கச் சுதந்திரப் போரின் பிராண்டிவைன் (1777). பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்த அதைப் பொங்கல் விடுமுறையில் கடலூர் வீட்டில் அக்கா பையனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். எல்லாருமே தோற்றார்கள், அதுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. விளையாட்டு அழகாக இருக்கிறது, ஆனால் கஷ்டம் என்று மூடிவிடப் பார்த்தார்கள். அப்படி யாரும் மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, காற்றைப் பார்க்காதது. எதிரிக் கப்பல் கண்ணில் பட்டதும் அதன் மேல் கிளிக் செய்து நேராக விடுகிறார்கள். இவை பாய்மரக் கப்பல்கள், எதிர்க்காற்றில் ஊர்ந்துதான் போகும். பீரங்கிகள் இருப்பதோ இரண்டு பக்கவாட்டிலும், மூக்கை நீட்டிக்கொண்டு போகிற கப்பல் அடி வாங்க மட்டும்தான் முடியும். நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்தில் பாய் விரித்துப் போன காலத்து மீனவர்களைக் கேட்டால் வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்பார்கள். சண்டை தொடங்கியதும் விளையாட்டை நிறுத்திவைத்து, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். காற்று வருகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் எப்போது நெருங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அப்புறம் கப்பல்களை ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் ஓட்டி, பக்கவாட்டைக் காட்டுங்கள்.

இரண்டாவது, எல்லாக் கப்பலையும் மூழ்கடித்தே தீர வேண்டும் என்று நினைப்பது. இங்கேதான் நம் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். 1783 ஜூனில் கடலூருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை முற்றுகை. கடலில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸுக்கு 18 போர்க்கப்பல், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சூப்ரனுக்கு 15. காற்று ஒத்துவராமல் சில நாள் ஒருவரை ஒருவர் சுற்றிவந்து, ஜூன் 20 அன்று மோதினார்கள். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார், கரையில் இருந்த ஆங்கிலப் படை கடல் துணை இல்லாமல் நின்றது. இதே சூப்ரன் லாகோஸ் சண்டையில் தோற்ற பிரெஞ்சுப் பக்கத்தில் இளம் அதிகாரியாக இருந்து பிடிபட்டவர். டெமோவில் நாம் ஆடும் அந்தச் சண்டையில் இருந்த மனிதர் 24 வருஷம் கழித்து நம் கரைக்கு எதிரே வந்து நின்றார் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிற விஷயம்.

அதனால் குண்டு வகையை மாற்றிப் பழகுங்கள். தூரத்தில் உருண்டைக் குண்டு, அது கப்பலின் உடலை உடைக்கும். கொஞ்சம் நெருங்கியதும் சங்கிலிக் குண்டு, அது பாய்மரத்தைக் கிழித்து ஓட முடியாமல் செய்யும். மிக அருகில் சிதறு குண்டு, அது ஆட்களைக் குறைக்கும். பாய் போய், ஆட்களும் குறைந்த கப்பல் தானாகவே சரணடையும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே குண்டைச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் பாதிச் சண்டையில் திணறுகிறார்கள்.

தரைக்கு வருவோம். பிராண்டிவைனில் 1777 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் சாட்ஸ் ஃபோர்டு ஆற்றுத்துறையைக் காத்து நின்றார். அவருக்கு எதிரே ஒரு பகுதிப் படையை மட்டும் காட்டிவிட்டு, ஆங்கிலத் தளபதி ஹோவ் பெரும்படையோடு மேலே போய் ஆற்றைக் கடந்து வாஷிங்டனின் வலப்பக்கத்தில் வந்து விழுந்தார். பையன்களும் முன்னால் தெரிகிற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்து பக்கத்தைக் கோட்டை விட்டார்கள். ஒரு பட்டாளத்தை ஓரத்தில் வெளிப்பக்கம் பார்த்து நிறுத்துங்கள், குதிரையை மறைவாக வைத்திருங்கள். துப்பாக்கி வீரர்களை ஒருவர் பின் ஒருவராக அடுக்காதீர்கள், முன்னால் நம் ஆள் நின்றால் பின்னால் இருப்பவர் ஒழுங்காகச் சுட முடியாது. வலது பொத்தானை அழுத்திப் பிடித்து மவுஸை இழுத்தால் வரிசை எவ்வளவு நீளம் என்பது நம் கையில், இது தெரியாமலேயே பலர் டெமோவை முடித்துவிடுகிறார்கள்.

கிராபிக்ஸை உச்சத்தில் வைப்பது வேண்டாம். படம் விட்டுவிட்டு ஓடினால் சரியான நேரத்தில் கட்டளை கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஓடுகிறவனைத் துரத்துவது. எதிரியின் கொடி வெள்ளையானதும் மொத்தக் குதிரைப்படையையும் பின்னால் அனுப்பிவிடுகிறார்கள், அதற்குள் நடுவில் நம் வரிசை உடைகிறது. துரத்த ஒரு பட்டாளம் போதும். மற்றக் குதிரைகளைத் திருப்பி, இன்னும் நின்று சுட்டுக்கொண்டிருக்கும் எதிரியின் முதுகில் மோத விடுங்கள். அக்கா பையன் மூன்றாம் நாள் இதைத்தான் செய்தான், எதிரியின் இடப்பக்கம் முழுக்க ஒரே நிமிஷத்தில் கலைந்து ஓடியது.