முற்றிய வேலியைத் தறிக்கும்போது விடும் பிழைகள்

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டு உறவுகள் வரத் தொடங்கும், நல்லூர்த் திருவிழாவும் நெருங்கும். வளவு துப்புரவாகத் தெரியவேண்டுமென்று, வருடக்கணக்காகக் கத்தி படாத செவ்வரத்தை (செம்பருத்தி) வேலியை ஒரே நாளில் கட்டையாகத் தறித்துவிடுகிறார்கள். புதிதாக வளவு பராமரிக்க இறங்கியவர்கள் வருடா வருடம் இதையே செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கத்தி தீட்டுவது, கையுறை போடுவது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சோழகத்தில் வெட்டுவது

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை இங்கே சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று. மழை அருமை, மண் காய்ந்து கிடக்கும். இலை முழுவதையும் இழந்த செடி, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் துளிர்க்கவேண்டும். துளிர்க்கவும் செய்யும். கட்டையில் பச்சைப் பொட்டுகள் தெரிந்ததும் வீட்டுக்காரருக்கு நிம்மதி வந்துவிடும். அப்புறம் காற்று அந்த இளந்துளிரைக் கருக்கும். செடி மறுபடி முளைவிடும், மறுபடி கருகும். அதோடு கையிருப்பு தீர்ந்துபோகும். நிழலுக்குள்ளேயே இருந்த பட்டையும் திடீர் வெயிலில் வெடித்து உரியும்.

சுன்னாகத்தில் தெரிந்த ஒரு வீட்டில் ஆடியில் தறித்தார்கள். கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்கடியில் பச்சை இல்லை, மரத்தூள் நிறம்தான். “ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனான்தானே தம்பி” என்று அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், விட்டிருந்தார். ஆனால் துளிரை உலர்த்தும் காற்றை வாளித் தண்ணீர் தடுக்காது. இப்போது அந்த இடைவெளிகளுக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். நல்ல வேலி இப்படிப் போனதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

விருந்தினருக்காக என்றால் ஆடியில் நுனியை மட்டும் கத்தரியால் ஒதுக்குங்கள். பெரிய வெட்டை, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மழை விழுந்து மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு வையுங்கள். மாரி முழுவதும் துளிருக்குக் கிடைக்கும்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டுவது

இந்த மாரிக்கு உயரத்தையும் ஒரு பக்கத்தையும் குறையுங்கள். மற்றப் பக்கம் அடுத்த மாரிக்கு. விட்ட பக்கத்து இலைதான் அதுவரை செடிக்குச் சோறு போடும்.

மேலே மட்டும் மொட்டை அடிப்பது

மேல் விரிந்து நிழல் விழுந்தால் அடிப்பக்கம் வெறும் தடியாகிவிடும், நாய் நுழையும் ஓட்டை அங்கேதான். அடி அகலமாகவும் மேல் ஒடுங்கியும் இருக்கவேண்டும். நான்கடி வேலி வேண்டுமென்றால் மூன்றடியில் தறியுங்கள், புதுக்கிளை அந்த ஓரடியை நிரப்பும். தடித்த கிளைக்குக் கைவாள் எடுங்கள். கத்தியால் கொத்தினால் கட்டை பிளந்து தண்ணீர் இறங்கும்.

சைப்பிரஸ்

சைப்பிரஸ் வேலியை இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் துளிர்க்காது. பூவரசையும் கிளுவையையும் போல அதை நினைக்காதீர்கள்.

ஆடு

துளிர் முற்றும்வரை கட்டி வையுங்கள்.

யூரியா

வெட்டிய கையோடு போடாதீர்கள்.

குழையை எரிப்பது

பூவரசங்குழையும் கிளிரிசிடியாக் குழையும் தோட்டத்து மண்ணில் தாழ்க்க நல்ல பசளை. செவ்வரத்தை இலையை வேலியடியிலேயே பரப்பிவிடுங்கள், மழை விட்ட நாட்களில் ஈரம் நிற்கும். தீ மூட்டுவதென்றால் வேலியிலிருந்து எட்ட மூட்டுங்கள். கட்டைக்குப் பக்கத்தில் எரித்து, பிழைக்கவேண்டிய முளையைப் பொசுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.