பொறியியல் மென்பொருளைக் கற்பது எப்படி: விரிவுரையிலிருந்து முதல் வேலை வரை

கட்டுபெத்தையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும், நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடியே படிப்பவர்களும், மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயில்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்த மென்பொருளைப் படித்தால் வேலை கிடைக்கும்? உங்கள் துறைக்குரிய வரைதல் மென்பொருள் ஒன்றையும் கணிப்பு மென்பொருள் ஒன்றையும் மட்டும் தெரிந்தெடுத்து, இரண்டையும் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள் என்பதே என் விடை. கட்டடத்துறைக்கு ஓட்டோகேட்டும் ஈடாப்ஸ் அல்லது சாப் 2000உம், இயந்திரத்துறைக்கு சொலிட்வேர்க்ஸும் அன்சிஸும் தொடக்கத்துக்குப் போதுமானவை. குறுங்கால வகுப்புகள் கட்டளைகளை விரைவாகப் பழக்கிவிடும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. சான்றிதழ்களை அடுக்குவதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்றை வாங்குவது மேல்.

உரிமம் வாங்கப் பணமில்லை என்று திருட்டுப் பிரதியைத் தேடிப் போகத் தேவையில்லை. ஓட்டோகேட்டை வெளியிடும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் மென்பொருள்களை ஓராண்டு இலவசமாகத் தருகிறது. மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக் கூலிக்கு வரைந்து கொடுக்கக் கூடாது. மட்லாப் என்ற கணிப்பு மென்பொருள் கிடைக்காதவர்கள், அதைப் போன்ற இலவச மென்பொருளான ஒக்டேவில் பெரும்பாலான பயிற்சிகளைச் செய்யலாம். நீர் விநியோகக் குழாய் வலையமைப்புக்கு உதவும் ஈபாநெட், ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் ஹெக்-ராஸ் ஆகிய இரண்டும் அமெரிக்க அரச நிறுவனங்கள் வெளியிட்டவை. எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். களனி கங்கை பெருகும்போதெல்லாம் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கும் கொழும்பில், நீரியல் படிப்பவர்கள் இவற்றை விட்டுவைப்பது பெரும் இழப்பு.

பல்கலைக்கழகக் காலத்தில் செய்ய வேண்டியது, கையால் கணித்த கணக்கையே மென்பொருளிலும் போட்டுப் பார்ப்பது. இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட 6 மீற்றர் நீளமான கொங்கிறீற்று பீம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மீற்றருக்கு 20 கிலோநியூட்டன் சீரான சுமை என்றால், நடுவில் வரும் பென்டிங் மொமென்ட் (சுமை பீமை வளைக்கும் விளைவின் அளவு), சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுக்க, 90 கிலோநியூட்டன் மீற்றர். இதையே சாப் 2000இல் போட்டால் திரையில் 101.6 அளவில் ஒரு எண் வரக்கூடும். மென்பொருள் பிழைவிடவில்லை. பீமின் குறுக்குவெட்டு 230க்கு 450 மில்லிமீற்றர் என்றும், கொங்கிறீற்றின் நிறை கனமீற்றருக்கு 25 கிலோநியூட்டன் என்றும் கொடுத்திருந்தால், பீமின் சொந்தப் பாரமே மீற்றருக்கு ஏறத்தாழ 2.6 கிலோநியூட்டன் ஆகிறது. நீங்கள் கேட்காமலேயே அது, எப்போதும் இருக்கும் பாரங்களான நிலைச்சுமையில் சேர்ந்துவிட்டது. மேலதிகமாக வந்த 11.6 அதனுடையதுதான். சொந்தப் பாரத்தை ஏற்கெனவே அந்த 20க்குள் அடக்கியிருந்தால், இப்போது அதை இருமுறை கணக்கிட்டுவிட்டீர்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து தேடுகிற மாணவருக்கு, பத்து மாடிக் கட்டடத்தின் கோப்பு கைக்கு வரும்போது எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

காற்றுச் சுமைக்கும் இதே கவனம் தேவை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளிக்குப் பிறகு, இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்த வடிவமைப்புக் கையேடு 1980இல் வந்தது. கிழக்குக் கரை கடுமையான வலயம், கொழும்பு அப்படியல்ல. மென்பொருள் தானாகக் காட்டும் காற்று வேகத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. அந்த இடத்துக்குரிய வேகத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

தொழிற்பயிற்சிக்கான அரச அதிகாரசபையான நைட்டாவின் ஊடாகத் தொழிற்பயிற்சிக்குப் போகும் காலம்தான் மென்பொருள் உண்மையில் கைவசமாகும் காலம் என்பது என் உறுதியான எண்ணம். முதல் வாரத்திலேயே வடிவமைப்பு வேலை கேட்டு நிற்காதீர்கள். அந்த அலுவலகத்தில் நீண்டகாலம் இருக்கும் படவரைஞரின் அருகில் இருந்து, வரைபடத்தின் அடுக்குகளான லேயர்களுக்கு எப்படிப் பெயரிடுகிறார், கட்டடக்கலைஞரின் வரைபடத்தைப் பிரதி செய்யாமல் எக்ஸ்ரெஃப்பாக, அதாவது வெளிக்கோப்பு இணைப்பாக, ஏன் இணைக்கிறார், திருத்த இலக்கத்தை எப்போது மாற்றுகிறார் என்று பாருங்கள். அவர் சிங்களத்தில்தான் விளக்குவார் என்றால், அரைகுறைச் சிங்களத்திலாவது கேளுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத விடயங்கள் அவரிடம் இருக்கின்றன.

அளவைப் படம் வந்து சேரும் நாளில் அவர் செய்வதை விசேடமாகக் கவனியுங்கள். நில அளவையாளர் மீற்றரில் வரைகிறார், கட்டடக்கலைஞர் மில்லிமீற்றரில் வரைகிறார். ஆயிரம் மடங்கு பெருக்காமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் காணி ஒரு புள்ளியாகத் தெரியும். அடுத்து ஆள்கூறுகள். 1999ஆம் ஆண்டின் தேசிய ஆள்கூற்று முறையில் கொழும்பின் கிழக்கு அளவு ஏறத்தாழ 4 இலட்சம் மீற்றர், வடக்கு அளவு 4 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு அண்மை. பழைய முறையில் இரண்டும் ஏறத்தாழ 3 இலட்சம் குறைவாக இருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்ததுமே படம் எந்த முறையில் உள்ளது என்று சொல்லிவிடலாம். இவ்வளவு பெரிய ஆள்கூறுகளை அப்படியே, கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளான ரெவிற்றுக்குள் கொண்டுவந்தால் கோடுகள் நடுங்கும், அளவுகள் பிசகும். ரெவிற்றின் மையப்புள்ளிக்கு அருகே ஒரு தளப்புள்ளியைத் தெரிந்து, அதன் உண்மையான ஆள்கூற்றைத் தனியே பதிந்துவைக்க வேண்டும்.

முதல் வேலையில் சேர்ந்ததும், நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு கணினி மாதிரிக் கோப்புடனும் ஒரு பக்கக் கணிப்புத் தாள் இருக்கட்டும். எடுத்துக்கொண்ட சுமைகள், பின்பற்றிய நியமம், கையால் சரிபார்த்த இரண்டு மூன்று இடங்கள், மொத்தச் சுமையும் அந்தச் சுமையைத் தாங்கி அத்திவாரத்தில் எழும் எதிர்த்தாக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா என்ற குறிப்பு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். மூத்த பொறியியலாளர் மென்பொருள் தரும் வண்ணப் படங்களைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தாளைத்தான் கேட்பார். அடுத்த வேலைக்கான நேர்முகத்துக்கு, நிறுவனத்தின் வரைபடங்களை எடுத்துச் செல்லாமல், நீங்களே கற்பனையாக வடிவமைத்த ஒரு இரண்டு மாடி வீட்டின் கோப்பையும் அதற்குரிய கணிப்புத் தாளையும் கொண்டுபோங்கள்.