ப்ரொப்பெல்லர் லூஸா இருக்கான்னு பாக்குறது எப்படி

த்ராட்டில் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துது, போட் நகரமாட்டேங்குதா? முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணி கில் ஸ்விட்ச் (இன்ஜினை உடனே நிறுத்துற ஸ்விட்ச்) கயித்தை உருவிடுங்க, ஸ்பார்க் ப்ளக் வயரையும் கழட்டிடுங்க, இத பண்ணாம ப்ரொப்பெல்லர்ல கைய வெக்கவே வெக்காதீங்க.

இப்போ கியர்ல போட்டு, இறக்கைய கையால சுத்திப் பாருங்க. கொஞ்சம் ஆடிட்டு டக்குனு நின்னா சரி. நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா, சின்ன மோட்டார்ல பெரும்பாலும் ஷியர் பின் (ப்ரொப்பெல்லரை ஷாஃப்ட்டோட பிடிச்சிருக்குற சின்ன ஊசி) உடைஞ்சிருக்கும். அடுத்தது முன்னபின்ன இழுங்க, லேசா அசையுறது சகஜம்தான், ஆனா பக்கவாட்டுல ஆடுச்சுன்னா நட்டு லூஸு, இல்ல ஷாஃப்ட்லயே கோளாறு.

ரப்பர் ஹப் (ப்ரொப்பெல்லர் நடுவுல, உள் குழலுக்கும் வெளி ஹப்புக்கும் இடையில இருக்குற ரப்பர்) வழுக்குறதுதான் ஏமாத்தும், மெதுவா போறப்ப ஒண்ணும் தெரியாது, வேகம் குடுத்தா மட்டும் வழுக்கும். அதுக்கு உள் குழல்ல இருந்து ரப்பர் தாண்டி வெளி ஹப் வரைக்கும் பெயிண்ட்ல ஒரே கோடா இழுத்துட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு ரெண்டா விலகி நின்னா ஹப் போச்சு, நட்டை எவ்ளோ முறுக்கினாலும் பிரயோஜனம் இல்ல.

கழட்டுறப்ப உள்ள தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னும் பாத்துடுங்க, அது ஆயில் கசியாம தடுக்குற சீலையே அறுத்துடும். திரும்ப மாட்டுறப்ப காட்டர் பின் (நட்டு கழண்டுடாம பூட்டுற வளைக்கிற பின்) புதுசா போடுங்க, பழசை நிமித்தி மறுபடி மாட்டாதீங்க ப்ளீஸ்.