பரணில் கிடக்கும் டூ-இன்-ஒன் செட்டை மீண்டும் பாட வைப்பது: தொடங்குவோருக்கான செய்முறை

எங்கள் வீட்டுப் பரணில் இருபது ஆண்டுகளாகப் பழைய போர்வை சுற்றிக் கிடந்த டூ-இன்-ஒன் செட்டை, அதாவது ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக அமைந்த பெட்டியை, போன ஆண்டு கீழே இறக்கினேன். பெரியப்பா 1980-களில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த செட் அது. சுவிட்சைப் போட்டதும் ரேடியோ இரைந்தது. கேசட்டைப் போட்டு பிளே பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும் ஓசை கேட்டதே தவிர, நாடா நகரவே இல்லை. அதைப் பாட வைக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பின் எடுத்த நான்கு செட்டுகளும் ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டன. அந்த இரண்டு மாதம் எங்கே வீணாயிற்று என்பதைச் சொன்னால் புதிதாக இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: இத்தகைய செட்டுகளில் மின்சுற்று அவ்வளவு எளிதில் கெடுவதில்லை; ரப்பர் இளகிவிடுகிறது, தொடுமுனைகள் கறுத்துவிடுகின்றன, எண்ணெய் பசையாகிவிடுகிறது. ஆகவே சாலிடரிங் அயர்னைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கவும் சாலிடர் வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

வாங்கும்போது

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த நேஷனல் பானாசோனிக், சான்யோ, ஷார்ப், சோனி செட்டுகள் இன்றும் காயலான் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் கிடைக்கின்றன. இப்போது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட செட்டுகளும் நிறைய வருகின்றன. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் அவற்றில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அவை 100 வோல்ட்டில் இயங்குபவை. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். மேலும் அவற்றின் எஃப்.எம். அளவு 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே என்பதால், நம் ஊர் நிலையங்களில் பெரும்பாலானவை அவற்றில் கிடைக்கா. எனவே பின்பக்கத்தில் 220-240 என்று மாற்றிக்கொள்ளும் வோல்டேஜ் சுவிட்ச் இருக்கிறதா, டயலில் 88-108 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வோல்டேஜ் சுவிட்ச் இருந்தால், செருகுவதற்கு முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

இரண்டாவதாக, ரேடியோ பாடுகிறதா என்று கேளுங்கள். ரேடியோவும் டேப்பும் ஒரே ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஸ்பீக்கர்களையும் பயன்படுத்துகின்றன. ஆகவே ரேடியோ இரண்டு ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டால் மின்சுற்றில் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது என்று பொருள். டேப் ஓடாத குறைக்காக அந்தச் செட்டைத் தள்ள வேண்டியதில்லை. மாறாக, கேசட் கதவு உடைந்தோ, பொத்தான் ஒன்று காணாமற்போயோ இருந்தால் நான் வாங்குவதில்லை. பெல்ட் எங்கும் கிடைக்கும், பொத்தான் எங்கும் கிடைக்காது.

மின்சாரம் கொடுக்கும் முன்

பேட்டரி அறையைத் திறந்தால் பெரும்பாலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். நம் ஊரில் பல ஆண்டுகள் ஓடியவை துத்தநாக-கார்பன் கட்டைகள் என்பதால் அந்தக் கசிவு அமிலத் தன்மை கொண்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போகும். ஆல்கலைன் கட்டை கசிந்திருந்தால் வினிகர் வேண்டும். ஸ்பிரிங்குகளை உப்புத்தாளால் லேசாகப் பளபளப்பாக்குங்கள்.

முதல் முறை வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும்போது 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில், அதாவது செட்டுக்குச் செல்லும் ஒரு ஒயரின் நடுவே, போட்டே கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிடுங்கள். எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது.

திறப்பது

ஜப்பானிய செட்டுகளின் ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலத் தெரிந்தாலும் அவற்றின் வெட்டு சற்று வேறுபட்டது. நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். முனை கொண்ட ஒரேயொரு நல்ல ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். இருபது முனைகள் அடங்கிய மலிவான பெட்டியை வாங்க வேண்டாம். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு தெர்மாகோல் துண்டில், செட்டின் பின்பக்கத்தைப் படமாக வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒரே செட்டில் மூன்று நீளங்களில் ஸ்க்ரூ இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் முன்பக்கப் பிளாஸ்டிக் வெடிக்கும். டயல் நூல் எந்தக் கப்பியில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள்.

பெல்ட்

மோட்டாரிலிருந்து, நாடாவைச் சீராக ஓடவைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குச் செல்லும் பெல்ட்தான் முதலில் போவது. சில செட்டுகளில் அது தளர்ந்து தொங்கும், சிலவற்றில் உருகிவிடும். என் முதல் செட்டில் பெல்ட் இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு போன்ற ஒரு கசடுதான் இருந்தது. குச்சியால் எடுத்தால் இழை இழையாக நீண்டு, விரலில் ஒட்டினால் இரண்டு நாள் போகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சியால் வழித்தெடுத்து, மீதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் பொருள்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். ஃப்ளைவீலின் விளிம்பில் கடுகளவு கசடு மிஞ்சினாலும் பாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அசையும்.

புது பெல்ட்டைக் கண்ணளவில் வாங்க வேண்டாம். பெல்ட் செல்லும் வழி முழுவதும் ஒரு தையல் நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து, அதிலிருந்து ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு நூல் 235 மில்லிமீட்டர் வந்தது. ஆறு சதவீதம் கழித்தால் 221. அதை 3.14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் விட்டம். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கும் கடைகளில் இப்படி அளவு சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய பெல்ட் தட்டையானதா சதுரமானதா என்பதையும் சொல்ல வேண்டும். மிக இறுக்கமான பெல்ட் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ்ஷைத் தேய்க்கும், தளர்ந்தது வழுக்கும். ரப்பர் பேண்டை மட்டும் தற்காலிகமாகக்கூடப் போடாதீர்கள். அதன் கனம் சீராக இருக்காது.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை நகர்த்தும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்வதைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. ஹெட்டுக்கும் உருளையை ஒட்டிய எஃகுத் தண்டுக்கும் ஆல்கஹால். ரப்பர் உருளைக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைத்தால் போதும்.

என்னை இரண்டு மாதம் அலைக்கழித்த இடம்

பெல்ட் போட்டதும் நாடா ஓடியது. ஆனால் இடப்பக்க ஸ்பீக்கரில் ஒலி இல்லை. வலப்பக்கத்தில் பாட்டுக்கு நடுவே ஊளையிடும் ஒலி எழுந்தது. ரேடியோ இரண்டிலும் கேட்டது. ஆகவே பழுது ஹெட்டில்தான் என்று நான் முடிவு செய்தேன். வேறொரு ஹெட்டைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம், மாற்றியும் பயனில்லை. அடுத்து, ஹெட்டின் மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் ஐ.சி.யைச் சந்தேகித்து அதையும் மாற்றினேன். அப்படியும் ஊளை நிற்கவில்லை.

ஒருநாள், பின்மூடி திறந்த நிலையில் பாடவிட்டுக் கொண்டிருந்தபோது, போர்டின் நடுவே நீளமாகக் கிடந்த ஒரு நழுவு சுவிட்சில் தற்செயலாக என் விரல் பட்டது. அது ஒரு மில்லிமீட்டர் அசைந்ததும் இடப்பக்கம் உயிர்பெற்றது. விரலை எடுத்ததும் மறுபடி அடங்கியது. பழுது அந்த ரெக்கார்ட்-பிளே சுவிட்சில் இருந்தது.

இந்தச் செட்டுகளில் பதிவுக்கும் ஒலிப்புக்கும் ஒரே ஹெட்தான். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தும்போது, ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் இருக்கும் ஹெட்டை வெளியீட்டுப் பக்கம் மாற்றுவது இந்த நழுவு சுவிட்ச். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட தொடுமுனைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் வெள்ளிப் பூச்சு, வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போலவே காற்றில் கறுத்துவிடுகிறது. ஹெட்டிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சமிக்ஞை என்பதால் அந்த மெல்லிய கருமைப் படலமே அதைத் தடுத்துவிடப் போதுமானது. ஒரு முனை ஒலிப்பு நிலைக்கு வந்து பக்கத்து முனை வராமல் நின்றுவிட்டால் ஊளை பிறக்கிறது. இது தெரியாமல்தான் நல்ல ஹெட்டையும் நல்ல ஐ.சி.யையும் கழற்றினேன்.

சரிசெய்வது எளிது. செட்டிலிருந்து மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டுகளின் மேல் ஒரு தாளைப் போர்த்தி, காண்டாக்ட் கிளீனர் குப்பியின் மெல்லிய குழாயைச் சுவிட்சின் இரு முனைகளிலும் மேலுள்ள துளைகளிலும் வைத்துச் சிறிது பீய்ச்சுங்கள். பிறகு சுவிட்சைக் கையால் முழுத் தூரமும் நாற்பது ஐம்பது முறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அரைமணி நேரம் உலரவிட்டு, பயனற்ற ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். சுவிட்ச் பதிவு நிலைக்குச் சென்றுவிட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் அருமையான கேசட் எதையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேக்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுச் சென்று தூசியைச் சேர்க்கும். வால்யூம், டோன், பேண்ட் சுவிட்ச் ஆகியவற்றின் கரகரப்புக்கும் இதுவே மருந்து.

வேகத்தைச் சரிபார்ப்பது

கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்ட நாளிலிருந்து உள்ள அளவு. சோதனை ஒலி பதிந்த கேசட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. நண்பரின் டெக்கில் பதிந்து வாங்கினால் அந்த டெக்கின் பிழையும் சேர்ந்து வரும். நான் எந்த இயந்திரத்தையும் நம்பாத வழி ஒன்றைக் கையாளுகிறேன். இடைவிடாமல் பாட்டுப் பதிந்த வேண்டாத நாடா ஒன்றை இழுக்காமல் விரித்து, சரியாக 285.6 சென்டிமீட்டர் வெட்டி, அதன் இருபுறமும் கேசட்டின் தொடக்கத்தில் உள்ள ஒலி பதியாத வெற்று நாடாவை ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்டி, ஸ்க்ரூ போட்ட பழைய கேசட் கூடு ஒன்றில் சுற்றிவிடுங்கள். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் படியும். இந்தத் துண்டு சரியான வேகத்தில் 60 வினாடி ஒலிக்கும். 58 வினாடியில் முடிந்தால் செட் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் வேகமாக ஓடுகிறது. அரை ஸ்வர வேறுபாடு ஆறு சதவீதத்தில் வருவதால், பாட்டை நன்கறிந்த காதுக்கு இது தெரியும்.

மோட்டாரின் பின்புறம் ரப்பரோ ஸ்டிக்கரோ மூடிய ஒரு சிறு துளை இருக்கும். செட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மயிரிழை அளவு திருப்பி, மறுபடி நேரம் பாருங்கள். 60-க்கு அரை வினாடி முன்பின் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

வேகம் சரியான பிறகே ஹெட்டின் கோணத்தைத் தொட வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூ இருக்கும். கம்பெனிப் பதிவு ஒன்றைப் பாடவிட்டு, ஜால்ராவும் சலங்கையும் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். கால் திருப்புக்கு மேல் தேவைப்படாது.

கண்டென்சர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உப்பியதையும் கசிந்ததையும், ரேடியோவிலும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் மின்வழங்கலின் பெரிய கண்டென்சரையும் மாற்றினால் போதும். ஐம்பது இடங்களில் சாலிடரை இளக்கினால் நாற்பது ஆண்டு பழைய போர்டின் தாமிரத் தடம் எங்காவது பெயர்ந்து வரும். வெளிக்கூட்டைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், ஆல்கஹால் டயலில் உள்ள எழுத்துகளை அழிக்கும்.

பிற்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு மூன்று வாசகர்கள் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: பெல்ட் மாற்றியபின் செட் நாடாவைக் கடித்துச் சுருட்டுகிறது. ரப்பர் உருளை நாடாவை முன்னே தள்ளுகிறது. வலப்பக்கச் சுழலி அதைச் சுற்றிக்கொள்ளவில்லை. சுழலியை உருட்டும் சிறு சக்கரத்தின் ரப்பர் வளையம் வழவழப்பாகிவிட்டதே காரணம். அதை ஆல்கஹாலால் துடைத்து, மிக நைசான உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேயுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் வளையத்தை மாற்ற வேண்டும். அதுவரை, இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம் ஓடும் சி-120 கேசட் எதையும் போடாதீர்கள். அதன் நாடா மிக மெல்லியது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர், நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டிருந்தார். அது பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் கிடந்த கேசட்டுகளில் இது சாதாரணம். அப்படியே போட்டால் ஹெட் வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் சில நாள் உலரவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு திறந்தவெளியில், அறுகோணப் பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றிக்கொண்டே, நாடாவை உலர்ந்த மெல்லிய துணிக்கு நடுவே ஓடவிடுங்கள். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பதிந்த குரல்கள் உள்ள கேசட் என்றால் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். முதல் முறை ஓடும்போதே செட்டின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் இழுத்துப் பதிந்துகொள்ளுங்கள்.