எக்ஸ்ரே ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுக்கும்போது செய்யக்கூடாதவை

ஹைப்போ என்பது எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவும்போது பயன்படும் கரைசல். ஃபிலிமில் கதிர் படாத இடத்து வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பதுதான் அதன் வேலை. பயன்படுத்தி முடித்த ஹைப்போவில் லிட்டருக்கு 4, 5 கிராம் வெள்ளி இருப்பது சாதாரணம். அதைச் சாக்கடையில் ஊற்றினால் வெள்ளியும் போச்சு, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் கேடு.

பெரிய தவறு இருட்டறையிலேயே நடந்துவிடுகிறது. டெவலப்பரையும் (ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் கரைசல்) ஹைப்போவையும் ஒரே கேனில் ஊற்றுகிறார்கள். டெவலப்பரில் எடுக்கத்தக்க வெள்ளி கிடையாது, ஆனால் அது காரம். ஹைப்போவின் லேசான அமிலத்தன்மையை அது கெடுத்துவிடும், அம்மோனியா நெடியும் கிளம்பும். அப்புறம் எந்த முறையும் சரியாக வேலை செய்யாது. ஹைப்போவுக்குத் தனிக் கேன், மேலே பெரிதாக எழுதிய பெயர்: இதற்குச் செலவே இல்லை.

மின்சாரம் பாய்ச்சி எடுப்பவர்களுக்கு அவசரம்தான் எதிரி. 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 கிராம் வெள்ளிதான் படியும். ஆம்பியரை ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். வெள்ளி குறையக் குறைய ஆம்பியரையும் குறைக்க வேண்டும், கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைப்போவே சிதைந்து, பளபளக்கும் தகட்டுக்குப் பதிலாகக் கறுப்புச் சேறு வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே ஆம்பியரைக் குறையுங்கள்.

இன்னொரு முறை, இரும்பு நாரில் ஹைப்போவை மெதுவாக ஓடவிடுவது. இரும்பு கரைந்து வெள்ளி படியும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைப் போட்டால் பலன் இல்லை, அது லேசில் கரையாது. சாதா இரும்பு நார்தான் வேண்டும். இரும்பு கலந்த ஹைப்போவை மறுபடி ஃபிலிமுக்குப் பயன்படுத்தவும் முடியாது. மின்சார முறையில் வெள்ளி எடுத்த ஹைப்போவைச் சரிபார்த்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

உயிருக்கே ஆபத்தான தவறுகளும் உண்டு. ஹைப்போவில் அமிலம் ஊற்றினால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்ஸைடு வரும். வெள்ளியைப் படிய வைக்கச் சிலர் சோடியம் சல்ஃபைடு போடுவார்கள்; அந்தக் கரைசலில் அமிலம் பட்டால் வரும் வாயு ஆளையே கொன்றுவிடும். பிளீச்சிங் பவுடரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, வெள்ளி முழுக்க வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்றாகத் தேய்த்த செம்புக் கம்பியைச் சிறிது நேரம் முக்கி எடுங்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சு ஏறினால் உள்ளே இன்னும் வெள்ளி இருக்கிறது.