சித்திரைக்கு மேற்கே ஒரு கைமுட்டி தூரம்: சொம்பரேரோ கேலக்ஸியின் சாய்வை அளக்கலாம்

வீட்டில் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, தட்டின் உட்புறம் கொஞ்சமே தெரியும்படி பிடித்துப் பாருங்கள். வட்ட விளிம்பு சப்பையான நீள்வட்டமாகிவிடும். நம் பக்கத்து விளிம்பு பழத்தின் கீழ்ப்பாதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்து விளிம்பு பழத்துக்குப் பின்னால் மறையும்.

சொம்பரேரோ கேலக்ஸியும் (எம்104) இப்படித்தான் நமக்குத் தெரிகிறது. 1781இல் பிரெஞ்சு வானியலாளர் பியர் மெஷான் கண்டது, சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. பழம் இருக்கும் இடத்தில் வயது முதிர்ந்த கோடிக்கணக்கான விண்மீன்களின் புடைப்பு. விளிம்பு இருக்கும் இடத்தில் தூசி வளையம். அந்தத் தூசி, பின்னால் இருக்கும் ஒளியை மறைப்பதால் கறுப்புக் கோடாகத் தெரிகிறது.

சரி, வெளியே போகலாம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்கள் ஏற்றவை. மே நடுவில் இரவு 10 மணி வாக்கில் எம்104 ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிடும். சித்திரா பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். அன்று நிலா சித்திரை நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்கும், அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அமாவாசையை ஒட்டிய நாள்களைப் பாருங்கள்.

படி 2: இடம். 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். நம் வானத்தின் வெளிச்சத்தில் கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாது. ஆனால் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. லண்டனில் எம்104 அடிவானத்திலிருந்து 27 டிகிரிக்கு மேல் ஏறாது. இங்கே 77 டிகிரி வரை ஏறுகிறது. வானத்தில் வெளிச்சம் குறைவான பகுதி உச்சிதான். அதனால் புளோக்குக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளமே போதும். விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி மின்தூக்கிச் சுவரின் நிழலில் நில்லுங்கள்.

படி 3: தேடுங்கள். சித்திரை நட்சத்திரம் நீலவெள்ளையாக, பிரகாசமாக இருக்கும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சித்திரைக்கு நேர் மேற்கே ஒரு முட்டி, அப்புறம் ஒரு விரல். சரியான இடம்தானா என்று பார்க்க அஸ்தம் உதவும். அதன் நாலு நட்சத்திரச் சதுரத்தில் வடகிழக்கு மூலையில் உள்ளதிலிருந்து ஐந்தரை டிகிரி வடகிழக்கே போனால் அதே இடம்தான் வரவேண்டும்.

6 அங்குலத் தொலைநோக்கியில் தெரிவது, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு நீண்ட மங்கல். நம் வானத்தில் கறுப்புக் கோட்டைக் கண்ணால் பார்ப்பது மிகக் கடினம். கேமரா பொருத்தி 10 விநாடிப் படங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் கோடு மெல்ல எழுந்து வரும். அது வரும் நிமிடத்துக்காகவே இத்தனை ஏற்பாடும் தகும்.

படி 4: அளவுகோலை எடுங்கள். உங்கள் படத்தில் வளையம் தெளிவாக இல்லையென்றால், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்து 2024இல் வெளியான படத்தை அச்சிடுங்கள். அதில் புடைப்பின் ஒளி அடங்கி, தூசி வளையமே ஒளிரும்.

வளையத்தின் நீளம் 18 செ.மீ., நடுவில் மேலிருந்து கீழ் அகலம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2ஐ 18ஆல் வகுத்தால் 0.11. அதை 57ஆல் பெருக்குங்கள். 6 டிகிரிக்குச் சற்று மேல் வரும். சிறிய கோணங்களுக்கு இந்தக் குறுக்குவழி போதும். நாம் அந்தத் தட்டின் தளத்திலிருந்து அவ்வளவுதான் உயரத்தில் நின்று பார்க்கிறோம். வானியலாளர்கள் சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதே.

ஒரு எச்சரிக்கை. வளையத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளியின் ஓரத்தை அளந்துவிடாதீர்கள். முதல்முறை நான் அப்படி அளந்து 20 டிகிரிக்கு மேல் வந்து, கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த ஒளி தட்டையானது அல்ல, உருண்டைக்கு நெருக்கமானது. சுமார் 2,000 உருண்டை விண்மீன் கொத்துகள் இந்தக் கேலக்ஸியைச் சுற்றிப் பரவியிருக்கின்றன. நம் பால்வெளியில் 150 அளவில்தான். அதனால்தான் சாய்வுக்குத் தூசி வளையத்தை மட்டும் நம்ப வேண்டும்.

பக்கவாட்டுப் பார்வையில் சுருள் கரங்கள் ஒளிந்துகொள்கின்றன, உண்மைதான். ஆனால் சுழற்சி வெளிப்படுகிறது. தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் ஓடுவதால் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலைக் கோடுகள் சாய்ந்து விழும். அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1914இல் இதே கேலக்ஸியில்தான் கோடுகளின் அந்தச் சாய்வைக் கண்டார். இது விநாடிக்கு சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுவதையும் அளந்தவர் அவரே.

கை பழகியதும் அதே பருவத்தில், உச்சிக்கு வடக்கே 25 டிகிரியில் இருக்கும் என்ஜிசி 4565 என்ற கேலக்ஸியைத் தேடுங்கள். இது இன்னும் மங்கல், பொறுமை வேண்டும். படத்தில் அளவுகோலை வைத்தால் அளக்க வளையம் கிடைக்காது, ஒரே கோடுதான். தட்டை இன்னும் கொஞ்சம், சரியாகக் கண் மட்டத்துக்கே கொண்டுவந்து பாருங்கள்.